ஆனைக்கரை இரண்டு: எழுதப்பட்ட ஊரும் எழுதப்படாத ஊரும்

கேரளத்தில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பாரதப்புழைக் கரையில் இருக்கிறது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், குமுளியிலிருந்து மூணாறு போகும் சாலையில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. (கும்பகோணம் பக்கத்து அணைக்கரை வேறு. அது அணையால் வந்த பெயர்; இவை இரண்டும் ஆனையின் பெயரைச் சொல்பவை.)

பெயர்ப் பொருத்தம் இதோடு நிற்கவில்லை. பாலக்காட்டு ஆனைக்கரைப் பஞ்சாயத்துக்குள் கூடல்லூர் என்றொரு கிராமம். இடுக்கி ஆனைக்கரைக்கு மலைக்குக் கீழே, தேனி மாவட்டத்தில், கம்பத்தை அடுத்து ஒரு கூடலூர். அங்கிருந்தும் கம்பத்திலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் நம்மவர்கள் நாள்தோறும் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருகிறார்கள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பாலக்காட்டுக் கூடல்லூரை ஒரு தடவைகூடப் பார்க்காத லட்சக்கணக்கானவர்களுக்கு அதன் ஆறும் குன்றும் பழைய வீடுகளும் மனப்பாடம். இடுக்கி ஆனைக்கரையையோ ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் கடந்து போகிறார்கள். அதைப் பற்றித் தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

ஊர் அழகாக இருந்தால் எழுத்தில் ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஊரை யார் பார்த்தார், எங்கே நின்று பார்த்தார் என்பதுதான் முக்கியம். இந்த இரண்டு ஆனைக்கரைகளுமே அதற்குச் சாட்சி.

வெளியே நின்ற பையன்

மலையாள எழுத்தாளர் எம். டி. வாசுதேவன் நாயர் 1933-ல் கூடல்லூரில் பிறந்தார். அன்று அந்தப் பகுதி சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவில் இருந்தது. கேரள மாநிலம் உருவாக இன்னும் இருபத்து மூன்று ஆண்டுகள் இருந்தன. ஞானபீடப் பரிசு வரை பெற்ற எம். டி., 2024 டிசம்பரில் கோழிக்கோட்டில் காலமானார்.

அவர் எழுதிய கூடல்லூர் எப்படிப்பட்டது? வயல், குன்று, ஆறு, இடிந்து கொண்டிருக்கும் கூட்டுக்குடும்ப வீடு. அந்த வட்டாரத்தில் எந்த ஊரிலும் இவை உண்டு. அதிசயம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 1958-ல் வெளிவந்த ‘நாலுகெட்டு’ நாவலில் அவர் அந்தப் பெரிய வீட்டை எங்கிருந்து பார்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக் காரணவரின் சாய்வு நாற்காலியிலிருந்து பார்க்கவில்லை. அந்த வீட்டில் இடமில்லாமல், ஏழைத் தாயோடு வெளியே வளரும் அப்புண்ணி என்ற பையனின் கண்ணால் பார்த்தார்.

காரணவர் எழுதியிருந்தால் அது குலப்பெருமை ஆகியிருக்கும். வெளியே நிறுத்தப்பட்ட பையன் பார்த்ததால், அதே தூண்களும் அதே இருட்டறைகளும் அதிகாரமாகவும் அவமானமாகவும் தெரிகின்றன. அப்புண்ணி பிறகு வயநாட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்துச் சம்பாதித்துத் திரும்பி, அந்த வீட்டையே விலைக்கு வாங்குகிறான். வாங்கிய பிறகு அதை இடித்துவிட்டுக் காற்றும் வெளிச்சமும் உள்ள சிறிய வீடு கட்ட நினைக்கிறான். பிழைக்கப் போய்த் திரும்பியவனின் கண் அது. பிறந்த வீட்டை அளந்து பார்க்கும் தைரியம் அவனுக்கு வந்துவிட்டது.

எம். டி.யின் தந்தை இலங்கையில் வேலை பார்த்தவர். ‘நின்றெ ஓர்மய்க்கு’ (உன் நினைவுக்கு) என்ற சிறுகதையில், இலங்கையிலிருந்து வரும் தகப்பனார் ஒரு சிறுமியைக் கூட அழைத்து வருகிறார். அவள் யார் என்ற கேள்வியில் வீடு ரெண்டுபடுகிறது. பெரியவர்களின் சண்டை சிறுவனுக்கு முழுதாகப் புரியவில்லை. அவனிடம் மிஞ்சுவது அவள் தந்த ரப்பர் ஆந்தை பொம்மைதான்.

வெளியூர் போய்ச் சம்பாதித்தவரின் கதை என்றால், கப்பல், கொழும்பு, கஷ்டம் என்று எழுதியிருக்கலாம். எம். டி. காத்திருந்த வீட்டின் பக்கம் நின்று எழுதினார். வெளியூரில் உழைக்கும் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்பது உழைக்கப் போனவருக்குத் தெரியாது.

அதே ஆனைக்கரையில் வேறொரு வீடும் உண்டு: வடக்கத்து வீடு. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்த அம்மு சுவாமிநாதன் அந்தக் குடும்பத்தில் பிறந்தவர். 1952 தேர்தலில் அவரை லோக்சபைக்கு அனுப்பியது நம்முடைய திண்டுக்கல் தொகுதி. நேதாஜியின் படையில் ஜான்சிராணி ரெஜிமெண்டுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி, அம்முவின் மகள். சுதந்திரப் போராட்ட வரலாறு எழுதுபவருக்கு ஆனைக்கரை என்றால் வடக்கத்து வீடு; நாவல் வாசகருக்கு ஆனைக்கரை என்றால் கூடல்லூர். பஞ்சாயத்து ஒன்றுதான்.

ஒரே ஆறு, மூன்று கரை

பாரதப்புழை 209 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. ஆனைமலைத் தொடரில் தமிழ்நாட்டுப் பக்கம் பிறந்து, பாலக்காட்டைக் கடந்து, பொன்னானியில் கடலில் சேருகிறது. மலையாளிகள் அன்போடு அதை நிளா என்கிறார்கள். தூதப்புழை வந்து அதனோடு கூடும் இடத்தின் அருகில்தான் கூடல்லூர் இருக்கிறது. நம் ‘கூடல்’ என்ற சொல்லே அங்கும் இருப்பதைத் தமிழர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

எம். டி. அந்த ஆற்றைப் பெரும்பாலும் கோழிக்கோட்டிலிருந்து எழுதினார். மாத்ருபூமி வார இதழில் ஆசிரியர் குழுவில் வேலை. ஊருக்கு அவ்வப்போதுதான் போக்குவரத்து. விட்டு வந்தவனின் ஏக்கம் அந்த ஆற்றில் கலந்தது. பிற்காலத்தில் மணல் வாரி வாரி ஆறு மெலிந்தபோது, அந்த ஏக்கமே வருத்தமும் கோபமுமாக மாறியது.

கூடல்லூரிலிருந்து ஆற்றோடு சற்று மேற்கே போனால் குற்றிப்புரம். அங்கே 1950-களில் ஆற்றின் குறுக்கே பெரிய பாலம் வந்தது. கவிஞர் இடச்சேரி கோவிந்தன் நாயர் அந்தப் பாலத்தைப் பற்றிப் பாடிய கவிதை மலையாளத்தில் மிகவும் புகழ்பெற்றது. இடச்சேரி வயிற்றுப்பாட்டுக்கு வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். பகலெல்லாம் பத்திரங்களும் வழக்குக் கட்டுகளுமாக இருந்த அந்த மனிதர், பாலத்தின்மேல் நின்று கீழே ஆற்றைப் பார்த்தார். பாலம் கட்டிய மனிதனின் பெருமையும் தெரிந்தது. இனி இந்த ஆறும் கிராமமும் என்ன ஆகும் என்ற அச்சமும் தெரிந்தது. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் பெருமையை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

மூன்றாவது பார்வை ஒரு தமிழருடையது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதியவர் ஆ. மாதவன். அவருடைய ‘புனலும் மணலும்’ நாவல் 1974-ல் வெளிவந்தது. ஆற்றில் மணல் வாரிப் பிழைப்பவர்களின் கதை அது. அவர் எழுதிய ஆறு பாரதப்புழை இல்லை. ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். கரையில் நின்று ஏங்குபவருக்கு மணல் வாரும் கை ஆற்றின் எதிரியாகத் தெரிகிறது. இடுப்பளவு தண்ணீரில் நிற்பவருக்கு அந்த மணல்தான் அன்றைய அரிசி. இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் எழுதியிருந்தால் மற்றவர் நம் கண்ணுக்கே தெரியாமல் போயிருப்பார்.

தஸ்ராக் கசாக் ஆன கதை

பார்வை மாறினால் ஊர் மாறும் என்பதற்கு இன்னும் தெளிவான உதாரணம் அதே பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. பாலக்காடு நகரத்துக்கு அருகே தஸ்ராக் என்ற சிற்றூர். 1950-களின் நடுவில் ஓ. வி. விஜயனின் சகோதரி அங்கே ஓராசிரியர் பள்ளியில் வேலைக்குப் போனார். விஜயனும் கொஞ்ச நாள் அங்கே தங்கினார். அந்தத் தங்கலிலிருந்து பிறந்ததுதான் 1969-ல் நூலாக வந்த ‘கசாக்கின் இதிகாசம்’.

விஜயன் அப்போது இடதுசாரி அனுதாபி. கிராமத்துக்கு வரும் ஆசிரியரையும் ஒரு புரட்சியையும் வைத்து நாவல் எழுதத்தான் முதலில் நினைத்திருந்தார். ஹங்கேரியில் 1956-ல் நடந்த எழுச்சி நசுக்கப்பட்டதும், அதன் தலைவர் இம்ரே நாகி 1958-ல் தூக்கிலிடப்பட்டதும் அவர் மனத்தை உலுக்கிவிட்டன. இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாவலின் போக்கே மாறியது. எழுதி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

இதில் வியக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தஸ்ராக்கில் ஒரு பனைமரமும் இடம் மாறவில்லை. எங்கோ ஐரோப்பாவில் நடந்த ஒரு கொலை, பாலக்காட்டு வயல்வெளியைப் பற்றிய வர்ணனையை மாற்றிவிட்டது. பழைய மனத்தோடு எழுதியிருந்தால் அங்கே குத்தகைதாரர், நிலப்பிரபு, சங்கம் என்று ஒரு கிராமம் நமக்குக் கிடைத்திருக்கும். கிடைத்ததோ கனவும் பாவமும் மரணமும் உலவும் கசாக்.

இன்னொன்றும் தமிழர்களுக்குச் சுவாரஸ்யமானது. அந்த நாவலில் வரும் ராவுத்தர்களின் பேச்சில் தமிழ் தாராளமாகக் கலந்திருக்கிறது. எல்லைப்புற மக்களின் வாய்மொழியைத் ‘திருத்தி’ எழுதாமல், கேட்டபடி எழுதினார் விஜயன். பள்ளிக்கூட மலையாளத்தில் அந்த மக்கள் வேறு மனிதர்களாகிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. யூமா வாசுகி செய்த தமிழாக்கம் 2017-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றது.

இன்று தஸ்ராக்கில் விஜயனுக்கு நினைவகம் இருக்கிறது. கசாக்கைத் தேடி வாசகர்கள் அங்கே வருகிறார்கள். ஊரைப் பார்த்து நாவல் எழுதப்பட்டது போய், நாவலைப் பார்த்து ஊர் மாறுகிற காலம் வந்துவிட்டது.

மலைமேல் இருக்கும் ஆனைக்கரை

இனி இடுக்கி ஆனைக்கரைக்கு வருவோம். சாதாரணமான மலைக் கடைவீதி. பஸ் நிற்கும் இடம், டீக்கடை, மளிகைக்கடை, உரக்கடை. சுற்றிலும் உயர்ந்த மரங்களின் நிழலில் ஏலச்செடி. பக்கத்தில் புற்றடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் மையம் இருக்கிறது. மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் ஏலம் உண்டு.

இந்த ஒரே ஊரை எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்வார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கோட்டயம், பாலா பக்கத்திலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் குடியேறிய மலையாள விவசாயியின் குடும்பம், காட்டையும் காட்டானையையும் மலேரியாவையும் வென்ற கதையைச் சொல்லும். ஏல வியாபாரி அன்றைய விலையைச் சொல்வார். அவருக்கு மழைகூட விலைதான். சர்க்கார் கோப்பில் இது ஏலமலைக் காடு. இது வனமா, வருவாய் நிலமா என்று நெடுங்காலமாக வழக்கு. சுற்றுலாப் பிரயாணிக்கு ஆனைக்கரை என்பது செல்லார்கோவில்மெட்டுக்குத் திரும்பும் இடம்.

அந்த மெட்டில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். தென்னந்தோப்பும் திராட்சைத் தோட்டமும் நெல்வயலும் கட்டம் கட்டமாகத் தெரியும். 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீரால் வந்த பச்சை அது. பிரயாணி படம் எடுத்துக்கொண்டு ‘என்ன அருமையான காட்சி’ என்கிறார். ஏலத்தோட்டத்து அம்மாள் ஒருவர் அதே இடத்தில் நின்றால், அந்தக் கட்டங்களுக்கு நடுவே தன் தெரு எங்கே என்று தேடுவார். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வந்திருக்குமா என்று நினைப்பார்.

அந்த அம்மாளின் ஆனைக்கரை எப்படி இருக்கும்? விடியுமுன் எழுந்து சோறு வடித்து, தூக்குவாளியில் அடைத்து, நெருக்கியடிக்கும் ஜீப்பில் மலையேறினால் தொடங்குகிறது. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. ஆகவே காய் எடுப்பது குனிந்தும் குந்தியும் செய்கிற வேலை. மழைக்காலத்தில் அட்டை ஏறும். மருந்தடித்த தோட்டத்தில் நெடி நிற்கும். வருகிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து மரத்தையும் மலையையும் பார்க்கிற ஊரில், தரையைப் பார்த்தே நாள் முழுவதும் கழிப்பவர் அவர். அவர் அளவுக்கு அந்த மண்ணைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் வேறு யாரும் இல்லை. ஆனால் எழுத்தில் இல்லாதது அவர் பார்த்த ஊர்தான்.

வர்ணனையில் விடுபட்டவர்கள்

இது வெறும் இலக்கிய விவகாரம் என்று வாசகர்கள் நினைக்கலாம். அப்படி அல்ல. வர்ணனையில் இல்லாதவர் கணக்கிலும் இல்லாமல் போய்விடுவார்.

பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் நடுவே எழுந்து நிற்பது ஆனைமலை. அங்கே தேயிலை வளர்த்த வெள்ளைக்காரத் துரைகளின் நினைவுகளில் குளிர், பனி, வேட்டை, கிளப் எல்லாம் உண்டு. அதே மலையில் தோட்ட டாக்டராக வேலை பார்த்தவர் பி. எச். டானியல். அவர் 1969-ல் ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ என்ற நாவலை வெளியிட்டார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் ஆசை வார்த்தையை நம்பி வந்தவர்கள் முன்பணக் கடனில் சிக்கியதையும், காய்ச்சலில் மடிந்ததையும் அவர் எழுதினார். டாக்டர் நின்ற இடம் நோயாளியின் கட்டிலருகே. அங்கிருந்து பார்த்தால் பனி அழகாகத் தெரியாது. போர்வை இல்லாத குழந்தைதான் தெரியும். இரா. முருகவேளின் தமிழாக்கம் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் வந்தது. பாலாவின் ‘பரதேசி’ (2013) திரைப்படத்துக்கு அதுவே அடிப்படை.

மூணாறை எடுத்துக்கொள்வோம். சுற்றுலா விளம்பரப் படங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எத்தனையோ காலமாக இருக்கிறார்கள். பச்சைக்கு நடுவே சிறு சிறு வண்ணப் புள்ளிகளாக. அந்தப் புள்ளிகள் 2015 செப்டம்பரில் சாலையில் வந்து உட்கார்ந்தன. போனஸும் கூலி உயர்வும் கேட்டு, ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள் நடத்திய போராட்டம் நாடெங்கும் பேசப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் தள்ளி நிற்கச் சொன்னார்கள். எங்கள் நிலைமையை நாங்களே சொல்கிறோம் என்பதுதான் அதன் பொருள். அதற்குப் பிறகு மூணாறின் பச்சையைப் பார்க்கிறவர்களில் சிலருக்காவது லயத்து வீடுகளும் கண்ணில் படுகின்றன.

எழுத யார் வர வேண்டும்?

பெரிய எழுத்தாளர் ஒருவர் வந்து எழுதட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. எம். டி.யைக் கூடல்லூருக்கு யாரும் அனுப்பி வைக்கவில்லை. அவர் அந்த ஊர்க்காரர். இடச்சேரி குமாஸ்தா. டானியல் டாக்டர். மாதவன் கடைக்காரர், பேரம் பேசிக்கொண்டும் கணக்கு எழுதிக்கொண்டும், தன் கடைவாசலில் நடமாடிய சுமைதூக்கிகளையும் கையேந்திகளையும் சில்லறைத் திருடர்களையும் பார்த்தார். சாமான் வாங்க வந்தவர்களுக்குச் சாலை ஒரு பஜார். அவருக்கு அது உலகம். அப்படி எழுதியவருக்குத்தான் 2015-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இவர்கள் எல்லாரிடமும் பொதுவாக இருந்தது, தாம் நின்ற இடத்தை மறைக்காத நேர்மை. ‘தமிழ்க் கூலிகள் கூட்டமாக வந்தார்கள்’ என்று ஒருவர் எழுதலாம். ‘கூடலூரிலிருந்து வரும் ஜீப்பில் அன்று இரண்டு பேர் குறைவு; ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி வீட்டில் காதுகுத்து’ என்றும் எழுதலாம். முதல் வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிட முடியும். இரண்டாவதை எழுத, ஜீப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த ஜீப்பில் இருப்பவர்கள் எழுதாமல் இல்லை. வெளியூருக்குப் பிழைக்க வந்த தமிழன் எழுதிய முதல் வர்ணனை வீட்டுக்குப் போட்ட கடிதம்தான். ‘இங்கே மழை அதிகம், சோறு கொட்டை அரிசி, முதலாளி நல்லவர்’ என்று எழுதி, கஷ்டத்தை மட்டும் மறைத்துவிடுவார்கள், வீட்டில் கவலைப்படுவார்களே என்று. இன்று கடிதத்தின் இடத்துக்குத் தொலைபேசி வந்துவிட்டது. மறைப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த மறைத்த பகுதியில்தான் மலைமேல் ஆனைக்கரையின் கதை இருக்கிறது.

மாலையில் ஜீப்புகள் மெட்டு இறங்கும்போது கம்பம் பள்ளத்தாக்கில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கும். மேலே நின்று பார்ப்பவருக்கு அவை வெறும் விளக்குகள். ஜீப்புக்குள் இருப்பவர்களுக்கோ எந்த விளக்கு எந்தத் தெரு என்று தெரியும். அதைத் தெரிந்த ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் வரியை எழுதட்டும். இரண்டாவது ஆனைக்கரையும் அன்றைக்கு வரைபடத்தில் ஏறும்.